மரம் பட்டுப் போச்சா?

எங்கள் ஊர்ப் பக்கத்தில் "வசந்தம்" என்று சொன்னால் யாருக்கும் ஒரு பருவம் ஞாபகத்துக்கு வராது. வசந்தா என்ற பெயரில் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். கோவிலில் வசந்த மண்டபம் ஒன்று இருக்கும். திருவிழா இல்லாத நாட்களில் அதில் ஆடுகள் படுத்திருக்கும். சினிமாவில் கதாநாயகனும் கதாநாயகியும் ஏதாவது மலைப் பிரதேசத்தில் ஓடிப் பிடித்து விளையாடும்போது பாட்டிலே வசந்தம் வரும். அதோடு சரி. புதுக்கோட்டை ஜில்லாவில், அன்னவாசலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்த பருவங்கள் இரண்டே இரண்டு: ஒன்று வெயில் காலம், மற்றொன்று, மழை வருமா என்று அண்ணாந்து பார்க்கிற காலம்.

பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் ஆறு பெரும்பொழுதுகளையும் சொல்லிக் கொடுத்தார். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்றார். ஜன்னலுக்கு வெளியே தார் ரோடு இளகிக் கொண்டிருந்தது. "ஐயா, இதுவே இளவேனில் என்றால் முதுவேனில் எப்படி இருக்கும்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். ஆசிரியர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரீட்சைக்கு எழுத வேண்டியதைக் கேள்" என்றார்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது ஜெர்மனியில்.

2022-ஆம் வருஷம் நவம்பர் மாதம், டோர்ட்முண்ட் நகரத்துக்கு அருகே ஒரு சிறிய ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். திருச்சி ஆஸ்பத்திரிகளில் எட்டு வருஷம் நர்ஸாக இருந்தவள்தான். ஆனால் அந்த நாட்டில் நம்முடைய நர்ஸ் படிப்பு ஒரேயடியாகச் செல்லுபடியாகி விடாது. முதலில் உதவியாளராக வேலை பார்க்க வேண்டும். பிறகு அங்கீகாரத் தேர்வு எழுத வேண்டும். எழுதுவதென்ன, வாய்மொழியாகப் பேசிக் காட்ட வேண்டும். நோயாளியின் பக்கத்தில் நின்று செய்து காட்ட வேண்டும். எல்லாம் ஜெர்மன் பாஷையில். அதில் தேறினால்தான் முழு நர்ஸ், முழுச் சம்பளம். அதற்குப் பிறகுதான் வீடு பார்க்கலாம், புருஷனையும் குழந்தையையும் அழைத்துக் கொள்ள மனுப் போடலாம். ஏழு வயதுப் பெண்ணை என் தாயாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவர், அதாவது என் கணவர், திருச்சியில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வேளைகளில் "இஷ், டூ, எர்" என்று முதல் நிலை ஜெர்மன் படித்துக் கொண்டிருந்தார். அப்போதிருந்த விதிப்படி அந்தச் சான்றிதழ் இல்லாமல் அவருக்கு விசா கிடைக்காது.

குளிரைப் பற்றி எழுதாத வெளிநாட்டுக் கட்டுரை கிடையாது. ஆகையால் அதை விட்டுவிடுகிறேன். என்னைப் படுத்தியது குளிர் அல்ல, இருட்டு. டிசம்பரில் அங்கே காலை எட்டரைக்குத்தான் சூரியன் உதிக்கிறது. சாயங்காலம் நாலரைக்குள் கடையைக் கட்டிவிடுகிறது. நடுவில் உள்ள நேரத்திலும் அது வேலைக்கு வந்ததா, லீவு போட்டதா என்று தெரியாதபடி ஒரு சாம்பல் நிறம். ஆறரை மணி ஷிப்டுக்கு இருட்டில் போய், வேலை முடிந்து சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தால் மறுபடியும் இருட்டு.

ஜனவரியில் ஒரு நாள் தெருவைக் காட்டு என்று அம்மா கேட்டாள். கைப்பேசியை ஜன்னலுக்கு நேராகத் திருப்பினேன். சற்று நேரம் சத்தமே இல்லை.

"ஏத்தா, ரோட்டோரத்து மரமெல்லாம் பட்டுப் போச்சா? ஒண்ணு விடாம காஞ்சு நிக்குதே! வெட்டி விறகாக்கக்கூட அங்கிட்டு ஆளு இல்லையா?"

"அதெல்லாம் துளுக்கும்மா."

"எப்போ?"

மறுநாள் இந்தக் கேள்வியைப் பதினாலாம் நம்பர் அறைப் பாட்டியிடம் கேட்டேன். தொண்ணூறைத் தாண்டியவர், கால் வராது, காது வரும், நாக்கு இரண்டு ஆளுக்கு வரும். என்னை "ஷ்வெஸ்டர்" என்று கூப்பிடுவார். ஷ்வெஸ்டர் என்றால் சகோதரி. நர்ஸுக்கும் பழைய காலத்தவர்கள் அதே பெயரைத்தான் சொல்லுகிறார்கள். பாட்டி பதில் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆப்பிள் மரத்திலிருந்து ஒரு குச்சியை ஒடித்து வரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். நடுங்கும் விரலால் அதை என்னிடமே திருப்பி நீட்டி, "நகத்தால் கீறிப் பார்" என்றார். கீறினேன். கறுத்த பட்டைக்கு அடியில், பச்சைப் பயறு முளை விட்ட நிறத்தில், ஈரமாக ஒரு கோடு.

"லேப்ட் நோஹ்" என்றார் பாட்டி. இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். தினமும் காலையில் நான் ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போது தம்மைப் பற்றி அவர் சொல்லுவதும் அதே இரண்டு வார்த்தைகள்தான்.

மண் உறைந்து கிடக்கும்போது வேருக்குத் தண்ணீர் எடுக்க முடியாது. இலை இருந்தால் இருக்கிற ஈரத்தையும் அது வெளியே விட்டுவிடும். ஆகவே மரம் முன்கூட்டியே இலையைக் கழற்றிப் போட்டுவிட்டு மூச்சடக்கி நிற்கிறது. இதைக் கேட்டதும் எனக்குப் பனி நாடு சட்டென்று புரிந்த மாதிரி இருந்தது. இதுவும் ஒரு பஞ்சம்தானே! தண்ணீர் கண்ணெதிரே கட்டியாகக் கிடக்கிறது, குடிக்க வழியில்லை. எங்கள் சீமையில் மாசி பங்குனியில் இலுப்பை மரமும் அரச மரமும் இலை கொட்டுகின்றன. ஆனால் ஒன்று கொட்டும்போது மற்றொன்று துளிர்த்திருக்கும். பக்கத்துப் புளிய மரம் பச்சையாகவே நிற்கும். ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் மொட்டையாவது என்பது கிடையாது. அதனால் ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் பிழைத்து எழுவதும் கிடையாது.

ஜெர்மானியர்கள் எதையும் கணக்காகச் செய்கிறவர்கள் என்பது தெரிந்த விஷயம். வசந்தத்தைக்கூட அவர்கள் விட்டு வைக்கவில்லை. அவர்களுடைய வானிலை இலாகா அதை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. காட்டில் ஹாசல் என்ற கொட்டை மரம் பூத்தால் முன் வசந்தம். போர்சித்தியா என்ற மஞ்சள் பூப்புதர் பூத்தால் முதல் வசந்தம். ஆப்பிள் பூத்தால் முழு வசந்தம். இதைக் கவனித்து எழுதி அனுப்ப நாடெங்கும் தொண்டர்கள் இருக்கிறார்கள். ஹாம்பர்க் நகரில் லோம்பார்ட்ஸ் பாலத்தருகே உள்ள போர்சித்தியா எந்தத் தேதியில் பூத்தது என்று 1945 முதல் குறித்து வருகிறார்கள். 1945! ஊரே குண்டு விழுந்து இடிந்து கிடந்த வருஷம். அந்த வருஷம் போய் ஒருவர் புதரைப் பார்த்துத் தேதி எழுதியிருக்கிறார் என்றால், அந்த ஜனங்களுக்கு வசந்தம் எவ்வளவு அவசியமான சமாசாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

பிப்ரவரிக் கடைசியில், அழுகிய சருகுகளுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு வெள்ளைப் பூக்கள் வந்தன. "பனி மணி" என்று பெயர். நம்மூர்த் தும்பையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். அதைப் பார்ப்பதற்கு இல்லம் முழுவதும் திரண்டது. சக்கர நாற்காலிகளை ஜன்னலோரம் வரிசையாகத் தள்ளி வைத்தோம். தேர் பார்க்கிற கூட்டம் தோற்றது. ஆறு மாதமாக ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு கிழவர்கள் அன்றைக்குப் பேசிக் கொண்டார்கள்.

மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, 26-ஆம் தேதி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். ராத்திரி இரண்டு மணி என்பது மூன்று மணி ஆகிவிடும். என்னோடு வேலை பார்க்கும் மலையாளப் பெண் முந்தின நாளே நினைவுபடுத்தி விட்டாள். ஒரு மணித் தூக்கம் போயிற்றே என்று இல்லத்தில் எல்லோருக்கும் அலுப்பு. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. நம் நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் நாலரை மணி வித்தியாசம். அன்றைய தினம் முதல் மூன்றரை மணி ஆகிவிட்டது. குளிர் காலத்தில் நான் வேலை முடிந்து அறைக்கு வந்து கூப்பிடும்போது ஊரில் இரவு ஏழே முக்கால் ஆகியிருக்கும். குழந்தை சோற்றுத் தட்டின் முன்னால் தூங்கி விழுந்துகொண்டு, "ம்… ம்…" என்று மட்டும் பதில் சொல்லும். இப்போது அதே நேரத்துக்கு அங்கே ஆறே முக்கால். வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டே என்னிடம் வாயாடினாள். மூன்று மாதமாக நான் கேளாத கதையெல்லாம் ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தது. அந்த ஒரு மணி நேரத்தை எனக்குக் கொடுத்தது மரமும் பூவும் அல்ல, ஜெர்மன் சர்க்கார். ஆனாலும் அதை வசந்தத்தின் கணக்கில்தான் வரவு வைத்திருக்கிறேன்.

ஏப்ரலில் வெயில் என்று ஒன்று வந்தது. வெயில் என்று நான் சொல்லுவதைக் கேட்டு நம்மவர்கள் சிரிப்பார்கள், பன்னிரண்டு டிகிரி. காப்பிக் கடைக்காரர் நாற்காலிகளைத் தெருவில் எடுத்துப் போட்டுவிட்டார். ஜனங்கள் கம்பளிக் கோட்டைக் கழற்றாமலே அதில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முகத்தைச் சூரியனுக்கு நேரே தூக்கிக் காட்டிக் கொண்டிருந்தார்கள். அந்த முகங்களை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நின்று பார்த்தேன். எங்கள் ஊரில், நாலைந்து மாத வறட்சிக்குப் பிறகு முதல் தூறல் விழும்போது, வாசலுக்கு வந்து நிற்பவர்களின் முகம் அது. கண்மாயில் தண்ணீர் பார்த்து வருஷக் கணக்காகிற சமயத்தில் என் அப்பா அப்படித்தான் நின்றிருக்கிறார், சட்டை நனைவதுகூடத் தெரியாமல்.

பாட்டியை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்திவிட்டு, நான் வழக்கம்போலச் சுவர் நிழலில் ஒதுங்கினேன். "வெயில்ல நிக்காதே, கறுத்துப் போயிருவே" என்று முப்பது வருஷம் கேட்டு வளர்ந்த உடம்பு அல்லவா? பாட்டி திரும்பிப் பார்த்து, "ஷ்வெஸ்டர், அங்கே ஏன் நிற்கிறாய்? வா, வந்து வாங்கிக்கொள். இலவசம்தான்" என்றார்.

அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 9-ஆம் தேதி. அந்த வெஸ்ட்பாலியப் பிரதேசத்தில் ஈஸ்டரை ஒட்டி ஊருக்கு ஊர் நெருப்பு மூட்டுகிறார்கள். குளிர் காலத்தில் கழித்த கிளைகளை எல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் குவித்துக் கொளுத்துகிறார்கள். கார்த்திகையில் நம் கோவில் வாசலில் கொளுத்துகிற சொக்கப்பனைதான், சந்தேகமில்லை. முகம் தீயில் வெந்தது, முதுகு குளிரில் விறைத்தது. திருப்பித் திருப்பி நின்று, தோசை மாதிரி இரண்டு பக்கமும் காய்ந்துகொண்டேன்.

பதினாலாம் தேதி சித்திரை முதல் நாள். நவம்பரில் புறப்பட்டபோதே அம்மா என் பெட்டியில் வேப்பம்பூவைக் காயவைத்துத் துணியில் முடிந்து போட்டிருந்தாள். டோர்ட்முண்டில் இலங்கைத் தமிழர் கடையில் வெல்லமும் புளியும் வாங்கி வந்து பச்சடி கிண்டினேன். வறுபட்ட வேப்பம்பூவின் வாசனை அந்தச் சமையலறையில் எழுந்தபோது, நான் ஜெர்மனியில் இல்லை. பங்குனி மாதம், விடியற்காலை, வாசல் தெளிக்கும் நேரம், வேப்பமரத்தடியில் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும் பூவை அம்மா வாரியலால் கூட்டிச் சேர்க்கிற இடத்தில் நின்றேன். எங்கள் ஊரிலும் வசந்தம் வந்துகொண்டுதான் இருக்கிறது. காலை ஏழு மணிக்குள் வந்துவிட்டுப் போய்விடுகிறது. அதற்குமேல் வெயில் நிற்க விடுவதில்லை.

மலையாளப் பெண்ணுக்கு மறுநாள் விஷு. கனி வைக்கக் கொன்றைப் பூ வேண்டுமே, ஜெர்மனியில் கொன்றைக்கு எங்கே போவது? அவள் அலட்டிக் கொள்ளவில்லை. இல்லத்துத் தோட்டக்காரரைக் கேட்டு இரண்டு கொப்புப் போர்சித்தியாவை வெட்டி வந்து கிருஷ்ணன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். அதே மஞ்சள். கிருஷ்ணனும் ஆட்சேபிக்கவில்லை.

அந்தப் பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோவில் பூச்சொரிதலை அம்மா கைப்பேசியில் காட்டினாள். கூடை கூடையாகப் பூக்கள் வந்து இறங்குகின்றன. அம்மன் முகம் மட்டும் தெரிய மற்றதெல்லாம் பூ. வெயிலின் உக்கிரம் தணிய வேண்டும், அம்மை வராமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நாம் பூவை வாங்கிச் சொரிகிறோம். இங்கே செர்ரி மரங்கள் யாரும் கேட்காமலே தெருவில் சொரிந்து கொண்டிருந்தன. குப்பை லாரிக்காரர் அதைக் கூட்டித் தள்ளிக் கொண்டிருந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் இல்லத்தில் எல்லோருக்கும் ஷ்பார்கல் பரிமாறினார்கள். வெள்ளைத் தண்டு, பார்வைக்குத் தோல் சீவிய முருங்கைக்காய் மாதிரி இருக்கும். வெளிச்சம் படாமல் மண்ணை மேடாக அணைத்து வளர்ப்பதால் அந்த வெளுப்பு. ஜூன் 24-ஆம் தேதியோடு அறுவடை முடிந்துவிடும் என்பதால் அதற்குள் சாப்பிட்டுத் தீர்த்துவிட வேண்டும் என்று நாடே ஆலாய்ப் பறக்கிறது. ருசியைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் வருத்தப்படுவார்கள். வெண்ணெய்க் குழம்பு நன்றாக இருந்தது என்பதோடு நிறுத்திக் கொள்கிறேன்.

பாட்டி ஆறு தண்டு சாப்பிட்டார். பிறகு சொன்னார்: "1947-ஆம் வருஷ வசந்தத்தில் நாங்கள் எதைச் சாப்பிட்டோம், தெரியுமா? காஞ்சொறிச் செடி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யுத்தம் முடிந்தபின் வந்த 1946–47 குளிர் காலத்தைப் பசிக் குளிர் என்றே அவர்கள் சொல்லுகிறார்கள். ரூர் பிரதேசத்தில் ரேஷன் ரொட்டிகூடச் சரியாகக் கிடைக்கவில்லை. நிலக்கரி பூமிக்கு அடியில் நிறைய இருந்தும் வீட்டில் மூட்ட இல்லை. அப்போது பாட்டிக்குப் பதினைந்து வயது. பனி உருகியதும் வேலியோரம் முதலில் முளைத்தவை அரிக்கிற அந்தச் செடியும், மஞ்சள் பூப் பூக்கிற சீமைக் காட்டு முள்ளங்கிக் கீரையும்தான். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பறித்து வந்து சூப் வைத்திருக்கிறார்கள். "கவிகள் பூவைப் பற்றி எழுதுவார்கள். எங்களுக்கு வசந்தம் என்றால் வேலியோரம் ஏதாவது முளைத்திருக்கிறதா என்பதுதான்" என்றார்.

மே மாதம் பாட்டியைக் காட்டோரம் தள்ளிக்கொண்டு போனபோது குயில் கூவிற்று. நம்முடைய கறுப்புக் குயில் அல்ல. அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். தன் பெயரைத் தானே சொல்லுகிறது: "குக்-கூ, குக்-கூ." அந்த வருஷத்தில் முதல் தடவை கேட்கும்போது பணப்பையைக் குலுக்கினால் வருஷம் முழுவதும் பணம் இருக்குமாம். என்னிடம் சில்லறை இல்லை. "சாவியையாவது குலுக்கு" என்றார். குலுக்கினேன். பிறகு அவராகவே, "அழகாகக் கூவுகிறதே தவிர, அது தாய் அல்ல. முட்டையை அடுத்தவர் கூட்டில் இட்டுவிட்டுப் பறந்துவிடும்" என்றார்.

எனக்கு நாற்காலியைத் தள்ளக் கை வரவில்லை. ஊரில் உறவினர் ஒருவர் நான் புறப்படும்போது இதே உவமையைச் சொல்லியிருந்தார். அவர் பாட்டியைப் போல வெள்ளையாகச் சொல்லவில்லை, எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னார்.

பாட்டி என் பக்கம் திரும்பினார். "உன் குழந்தை எங்கே இருக்கிறது?"

"என் அம்மாவிடம்."

"பாட்டி வீடு எப்போதிருந்து அந்நியர் கூடு ஆயிற்று? யுத்த காலத்தில் என் அம்மா ஆலைக்குப் போனாள். என்னை வளர்த்தது யார் என்று நினைத்தாய்? தள்ளு, எனக்குக் குளிர்கிறது."

மே 11 முதல் 15 வரை ஐந்து நாட்களுக்குப் "பனிப் புனிதர்கள்" என்று பெயர். கடைசி நாள் "குளிர் சோபி." அதுவரை ஒரு பனி திரும்பி வந்து தாக்கக்கூடும், ஆகையால் அனுபவசாலிகள் பால்கனியில் பூந்தொட்டி வைக்க மாட்டார்கள். என் தேர்வு சோபி போன மறுவாரம். முதியவர்களுக்கு உடம்பில் நீர் வற்றுவதை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டார்கள். புதுக்கோட்டைக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது! தோலைப் பார்ப்பேன், நாக்கைப் பார்ப்பேன், எவ்வளவு குடித்தார்கள் என்று தாளில் எழுதி வைப்பேன் என்று தொடங்கினேன். இலக்கணம் காலை வாரியபோதும் நிறுத்தவில்லை. தேறிவிட்டேன்.

அதே வைகாசியில் எங்கள் ஊர்க் கண்மாயில் மீன்பிடித் திருவிழா. தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியதும் ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசுவார்கள். சுற்று வட்டாரமே ஊத்தாவும் கச்சாவுமாகச் சேற்றில் இறங்கும். லீவு போட்டுக்கொண்டு வந்த என் கணவர் ஒரு விராலைத் தூக்கிக் காட்டினார். மீன் எது, முகம் எது என்று அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு சேறு. தண்ணீர் வற்றுகிறதே என்று அழாமல், வற்றின அன்றைக்கே ஒரு விழா! எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் சித்தன்னவாசல் குகைக் கூரையில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஒரு தாமரைக் குளம் வற்றாமல் இருக்கிறது. மீன் துள்ளுகிறது, ஆட்கள் பூப் பறிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் உல்லாசப் பயணம் போனபோது வெயிலுக்கு ஒதுங்கத்தான் அதற்குள் நுழைந்தோம்.

2024 பிப்ரவரியில் என் கணவரும் பெண்ணும் வந்து சேர்ந்தார்கள். பாட்டியை அவர்கள் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பொங்கலுக்கு மறுவாரம், தூக்கத்திலேயே போய்விட்டார். பதினாலாம் நம்பர் அறையில் இப்போது ஒரு தாத்தா இருக்கிறார். அவருக்கு ஜன்னலில் அக்கறை இல்லை, டெலிவிஷன்தான்.

பெண்ணுக்கு வந்த மறுநாளே குச்சியைக் கீறிப் பார்க்கக் கற்றுக் கொடுத்தேன். அது பெரிய வம்பாகப் போயிற்று. ஒரு வாரத்துக்குள் எங்கள் தெருவில் அவளுடைய நகம் படாத செடி இல்லை. எதிர் வீட்டுப் பெரியவர் தம்முடைய ரோஜாச் செடியைக் காப்பாற்றிக்கொள்ளக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். அவரை நிமிர்ந்து பார்த்து, தனக்குத் தெரிந்த முழு ஜெர்மனையும் ஒரே மூச்சில் சொன்னாளாம்: "லேப்ட் நோஹ்!"